பாக்கெட் இல்லாத பேன்ட்

கன்சல்டிங் வேலை, கிளையன்ட் ஆபீசுக்கு ஃபார்மல்ஸ் கட்டாயமாம். தி.நகர் முழுக்க அலைந்தாச்சு, பெண்களுக்கான பேன்ட் ஒன்றிலாவது உருப்படியான பாக்கெட் இருக்கிறதா? வெளியே பாக்கெட் மாதிரி ஒரு கோடு. தையலைப் பிரித்தால் உள்ளே பையே கிடையாது. போனையும் ஐடி கார்டையும் எங்கே வைப்பது?

பிளேசர் இன்னும் மோசம். துணியும் பாலியஸ்டர், உள்ளே லைனிங்கும் பாலியஸ்டர். மே மாசம் 40 டிகிரியைத் தொடும் சென்னையில் மெட்ரோவிலிருந்து இறங்கி நாலு எட்டு நடந்தாலே முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. இஸ்திரி போட்ட காட்டன் குர்தா போட்டால் "ஃபார்மலா இல்லையே" என்கிறார்கள். இந்த வெயிலில் எது மரியாதையான உடை என்று யார் முடிவு செய்தது?

சரி, தைத்துக்கொள்ளலாம் என்று டெய்லரிடம் போனால், "லேடீஸ் பேன்ட்டா? நாங்க எடுக்கிறதில்லம்மா." முதல் சம்பளமே இன்னும் வரவில்லை, அதற்குள் இத்தனை செலவு!