குடில் போட்டிக்கு மார்க் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்த கையோடு நாகர்கோவில் முதல் மார்த்தாண்டம் வரை கடை வாசல்களில் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிடும். கூடவே ‘பசுமை கிறிஸ்துமஸ் கொண்டாடுவோம்’ என்ற அறிவுரையும் வரும். அதையும் ஃப்ளெக்ஸில் அடித்து மாட்டுவதுதான் கூத்து.

ஆளாளுக்குப் புத்தி சொல்லி இது மாறாது என்பது என் கருத்து. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் என்பது ஊர்க்காரியம். அன்பியம் என்கிற பங்குக் குடும்பக் குழு, சபை, இளைஞர் மன்றம் எல்லாம் சேர்ந்து செய்வது. இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தைச் செய்து காட்டுகிற குடில் போட்டியில் பரிசு யாருக்குப் போகிறது? பெரும்பாலும் பெரிதாகக் கட்டியவர்களுக்கு. கொஞ்ச நாளில், கொஞ்சக் காசில், ஆள் உயரத்துக்கு மலையும் அரண்மனையும் எழுப்ப தெர்மாகோலை விட்டால் வேறு வழி ஏது? பையன்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. மார்க் எங்கே கிடைக்குமோ அங்கேதான் போவார்கள்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரிப்பார்கள். தெர்மாகோலில் பெரும்பகுதி காற்றுதான்; எடையே நிற்காது என்பதால் பழைய சாமான் எடுக்கிற ஆக்கர் கடைக்காரர் அதைத் தொடுவதில்லை. வாய்க்கால் கரையில் கொட்டினால் மிதிபட்டு உதிர்ந்து மணி மணியாகிவிடும். மழைத் தண்ணீரோடு பழையாற்றில் இறங்கினால் அப்புறம் ஆறு கடலில் சேருகிற மணக்குடி பொழிமுகம்தான், கடல்தான். ஃப்ளெக்ஸைக் கொளுத்திவிடுகிறார்கள். அது பிவிசி, எரித்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இடம்பிடித்த சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்குவதும் இதே மாதங்களில்தான்.

சீரியல் லைட்டைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. எல்இடி குடிக்கிற மின்சாரம் கொஞ்சம்தான். அறுந்த இடத்தை ஒட்டி அடுத்த வருடமும் போட்டால் சரி. பிளாஸ்டிக் மரத்தைப் பத்து வருடமாகப் பரணில் பத்திரமாக வைத்து எடுப்பவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். சவுக்குக் கொப்பு கிடைத்தால் இன்னும் நல்லது, அவ்வளவுதான்.

1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் வைத்தபோது இருந்தது வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும். நமக்கோ கைக்கெட்டிய தூரத்தில் எல்லாம் இருக்கிறது. பழைய சாக்கைச் செம்மண் கரைசலில் முக்கி, கம்பின்மேல் போட்டுக் காயவிட்டால் மலை. அதன் மடிப்புகளில் சுண்ணாம்பைக் கொஞ்சம் தொட்டு இழுத்தால் பாறை மாதிரியே இருக்கும்; தெர்மாகோலில் பெயின்ட் அடித்தால் அந்த முரட்டுத்தனம் வராது. கூரைக்குத் தென்னை ஓலை, சுவருக்குப் பனமட்டை. நடுவில் தட்டில் முளைக்கவிட்ட நெல்லோ கேழ்வரகோ, அதுதான் வயல்.

ஆகவே போட்டி நடத்துகிறவர்கள் விதியை மாற்றட்டும். தெர்மாகோல் இருந்தால் பரிசு கிடையாது என்று நோட்டீஸிலேயே போடுங்கள். அளவுக்கு மார்க் வேண்டாம். பிரித்த பிறகு மிஞ்சுகிற குப்பை எவ்வளவு என்று பார்த்து மார்க் போடுங்கள்; பரிசை ஜனவரியில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஊருக்கெல்லாம் சாப்பாடு போடுகிற அசனத்துக்கும் இதே கதைதான். வாழை விளைகிற மாவட்டத்தில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டில் சோறு போடுகிறோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை. தெருவுக்குக் குறுக்கே கட்டுகிற பிளாஸ்டிக் கொடிக்கும்தான். ‘இலை போட்டால் செலவு’ என்கிறார்கள். கேரல் பவனிக்கு வாடகைக்கு எடுக்கும் ஸ்பீக்கரில் ஒன்றைக் குறைத்தால் இலைக்குக் காசு வந்துவிடும் என்பேன். கேரல் பார்ட்டி அடிக்க வந்தாலும் பரவாயில்லை.

இந்த வருடமே வயல் வைக்க நினைப்பவர்கள் டிசம்பர் 14, 15 வாக்கில் விதைத்துவிடுங்கள். நெல்லை ஒரு ராத்திரி ஊறப்போட்டு, ஈரச் சாக்கில் கட்டிவைத்து, முளை கண்டதும் தட்டில் பரப்புங்கள். மழை மூட்டமாக இருந்தால் இரண்டு நாள் முந்தியே ஆரம்பிப்பது நல்லது.