என்ன புதினம்?

அம்மாவுக்கு 78 வயது. காலைத் தேத்தண்ணீரோடு முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் வந்து இருப்பா. நான் போனைத் தட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் ஒரே கேள்விதான்: "என்ன புதினம்?"

தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, உங்கள் அம்மா நிறைய நாவல் வாசிப்பாரோ என்று கேட்டார். அங்கே புதினம் என்றால் நாவல். யாழ்ப்பாணத்தில் நமக்கு அது செய்தி. கூடவே நாம் 'விடுப்பு' என்று இன்னொரு சொல்லும் வைத்திருக்கிறோம். அடுத்த வீட்டில் என்ன சத்தம் என்று வேலிப் பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்ப்பது விடுப்பு. பத்து வருடமாக இணையத்தில் உலகச் செய்தி வாசிக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி விடுப்புத்தான் பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தது ஒரு வாழைப்பழத்தால்.

2024 நவம்பர். நியூயோர்க்கில் சொத்தபீஸ் ஏலத்தில், சுவரில் சாம்பல் நிற டேப்பால் ஒட்டிய ஒரு வாழைப்பழம் 62 லட்சம் டொலருக்குப் போனது. இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலானின் படைப்பு அது. 2019 இல் மயாமியில் முதலில் காட்சிக்கு வைத்தபோது 120,000 டொலருக்குப் போனதே, அதே சங்கதி. இந்த முறை வாங்கியவர் ஜஸ்டின் சன் என்ற கிரிப்டோ நாணயத் தொழிலதிபர். ஒன்பது நாள் கழித்து ஹொங்கொங்கில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துப் பழத்தை உரித்துத் தின்றார். கவலை வேண்டாம், காசு பழத்துக்கு அல்ல. ஒரு சான்றிதழுக்கும், எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்புக்கும்தான் அவ்வளவும். பழம் அழுகினால் கடையில் வேறொன்று வாங்கி ஒட்டிக்கொள்ளலாம்.

சிரித்துவிட்டு ஆறேழு பேருக்கு அனுப்பினேன். அடுத்த நாள் அத்தான் வந்தார். நீர்வேலியில் வாழை வைத்திருப்பவர். கப்பல், இதரை என்று இரண்டு இனம். போனை வாங்கி, நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார்.

"இது கப்பலுமில்லை, இதரையுமில்லை" என்றார் முதலில். பிறகு கேட்டார்: "கழிவு எவ்வளவு வெட்டினவங்கள்?"

தோட்டம் செய்யாதவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்காது. சந்தையில் 100 கிலோ கொண்டுபோய் இறக்கினால் 90 கிலோவுக்குத்தான் காசு. பத்துக்கு ஒன்று கழிவு. குலைத்தண்டு, அடிபட்ட பழம் என்று காரணம் சொல்வார்கள். தண்டே இல்லாத வெங்காயத்துக்கும் அதே கழிவுதான். நிறுத்தச் சொல்லிக் கூட்டம் போட்டார்கள், அறிவித்தல் விட்டார்கள். அத்தானுக்குச் சந்தையில் கொடுக்கிற பற்றுத்துண்டில் இன்னும் 90 தான் எழுதப்படுகிறது. வெயிலில் பாத்தி கட்டித் தண்ணீர் மாறி, ஒரு நாள் காற்றுக்கு அரைத் தோட்டம் சரிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்று, மிஞ்சினதைக் கொண்டுபோகிற மனிதரிடமிருந்து அந்தப் பத்துக் கிலோ.

சரி, உண்மையிலேயே அங்கே கழிவு உண்டா என்று தேடினேன். உண்டு! ஏலத்தில் சுத்தியல் தட்டிய விலை 52 லட்சம் டொலர். மேலே வந்த 10 லட்சமும் ஏல நிறுவனத்தின் கட்டணம். ஒரு வித்தியாசம்: அதைக் கட்டுகிறவர் வாங்குகிறவர். இதைச் சொன்னதும் அத்தான் சிரிப்பார் என்று நினைத்தேன். "அப்ப வித்தவனுக்குக் குறையேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

அப்படித் தேடியபோதுதான் மற்றச் செய்தி கண்ணில் பட்டது. அந்தப் பழம் ஏல மண்டபத்துக்கு வெளியே நடைபாதைப் பழக்கடையில் 35 சதத்துக்கு வாங்கியது. விற்றவர் வங்காளதேசத்திலிருந்து போன 74 வயதுக்காரர். நியூயோர்க் டைம்ஸ் நிருபர் தேடிப் போய், ஐயா, நீங்கள் விற்ற பழம் இன்ன விலைக்குப் போனது என்று சொன்னபோது அந்த மனிதர் அழுதுவிட்டார். இதைக் கேள்விப்பட்ட சன், அந்தக் கடையிலேயே ஒரு லட்சம் பழம் வாங்குகிறேன் என்று அறிவித்தார். அதுவும் ஒரு நாள் நல்ல புதினமாக ஓடியது. ஆனால் கடை அந்தக் கிழவருடையது அல்லவே. மணித்தியாலக் கணக்கில் சம்பளத்துக்கு நிற்கிறவர் அவர். ஒரு லட்சம் பழத்தை மொத்தச் சந்தையிலிருந்து ஏற்றிக்கொண்டு வருவது பெரும்பாடு. வந்தாலும் லாபம் முதலாளிக்கு. 62 லட்சம் டொலரை 35 சதத்தால் பிரித்துப் பார்த்தேன். ஒரு கோடியே எழுபத்தேழு லட்சம் பழம் வருகிறது.

இதை நான் ஒருவருக்கும் அனுப்பவில்லை. ஏன் என்று யோசித்தால் கொஞ்சம் வெட்கம்தான். அனுப்பினால் ஒருத்தரும் சிரிப்பு முகம் போடப்போவதில்லை.

இதெல்லாம் வாசிக்கிறதே நேர விரயம், உருப்படியான செய்தி வாசிக்கலாமே என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் நண்பர்களில் ஆசிரியர்கள் அதிகம், அதனால் இதை அடிக்கடி கேட்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. வாழைப்பழத்தைச் சுவரில் ஒட்டாவிட்டால் அந்தக் கிழவரை எந்த நிருபர் தேடிப் போயிருப்பார்? 1932 இல் அவுஸ்திரேலிய இராணுவம் இயந்திரத் துப்பாக்கிகளோடு ஈமு பறவைகளைச் சுடப் போய்த் தோற்றுத் திரும்பிய கதையைப் படித்து வயிறு நோகச் சிரித்தேன். சிரித்து முடித்துக் கீழே வாசித்தால், முதலாம் உலகப் போருக்குப் போய் வந்தவர்கள், அரசாங்கம் கொடுத்த வறண்ட காணியில் கோதுமை விதைத்து, விலை விழுந்து, கடனில் நிற்கிறார்கள். மிச்சப் பயிரைத்தான் ஈமு மேய்ந்திருக்கிறது. விநோதம் ஒரு வேலிப் படலை மாதிரி, திறந்து உள்ளே போகலாம். படலையடியில் நின்று விடுப்புப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதில்தான் எனக்கு என்னோடேயே கோபம்.

கப்பல் கதை ஒன்று. 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கும். ஆறு நாள். பெரிய கப்பலின் மூக்கடியில் சின்ன மண் அள்ளும் இயந்திரம் நிற்கிற படத்தை வைத்து உலகமே பகிடி விட்டது. நானும் இரண்டு மீம் பகிர்ந்தேன். அதே சூயஸ் பக்கம், அதே நாட்களில், 'அமான்' என்ற கைவிடப்பட்ட சரக்குக் கப்பலில் ஒரு சிரிய மாலுமி கிட்டத்தட்ட நான்கு வருடமாக நின்றுகொண்டிருந்தார். 2017 இல் கப்பலின் பத்திரங்கள் காலாவதியானதென்று எகிப்தில் மறித்தார்கள். செலவுக் காசு கட்ட ஆளில்லை. கப்டன் கரையில் நின்றபடியால், நீதிமன்றம் இவரைக் கப்பலுக்குச் சட்டப்படி பொறுப்பாளி ஆக்கியது. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊர் போனார்கள். இவர் தனித்தார். அதற்கிடையில் தாய் இறந்தார். கப்பலில் மின்சாரம் இல்லை. 2020 இல் ஒரு புயல் கப்பலை இழுத்துக் கரைக்குக் கிட்டவாகத் தட்டவிட்டது நல்லதாய்ப் போயிற்று. அதன்பிறகு சில நாளுக்கு ஒருமுறை நீந்திக் கரைக்குப் போய்ச் சாப்பாடு வாங்கி, போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு வந்தார். அவருடைய சகோதரரும் மாலுமி. அவர் வேலை செய்த கப்பல் அந்த வழியால் போனபோது போனில் பேசிக்கொண்டார்கள். கை காட்டினால் தெரியாத தூரம். 2021 ஏப்ரலில்தான் வீடு போனார்.

இதைப் படித்தபோது எனக்கு வல்வெட்டித்துறைதான் நினைவுக்கு வந்தது. அங்கே கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நம் ஆட்கள் ஓட்டிக்கொண்டு போனது. நாம் இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற கதை. அன்றைக்குக் குளோஸ்டர் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும்? எங்கோ ஒரு தீவிலிருந்து பாய் விரித்துக்கொண்டு வந்த விநோதம். விடுப்பு.

2022 நவம்பரில் நாமே மறுபடி விடுப்பானோம். கனடாவுக்கென்று புறப்பட்டு நடுக்கடலில் தத்தளித்த 303 பேரை ஒரு ஜப்பானியக் கப்பல் மீட்டு வியட்நாமில் இறக்கியது. பெரும்பாலும் நம் பெடியள், பெண்கள், குழந்தைகள். அந்தச் செய்தியின் கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக. அதில் ஒன்றிரண்டு எனக்குத் தெரிந்த பெயர்கள். "கனடாவுக்கு வள்ளத்தில போகினமாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய தமையன் எப்படிப் பிரான்ஸ் போனார் என்பது ஊருக்கே தெரியும்.

அம்மாவுக்கு அந்தச் செய்தியை வாசித்தபோது முதல் கேள்வி: "சாப்பாடு குடுத்தவையோ?" இரண்டு வருடம் கழித்து 2024 டிசம்பரில், நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியா அகதிகளோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தபோது, அங்கிருந்த மீனவர்கள் முதலில் செய்ததும் அதைத்தான். தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள். எந்த இடத்தில், யார் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் நம்முடைய செய்தித் தளங்கள். 'யாழில் பரபரப்பு!' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். விழுந்தடித்து உள்ளே போனால் மாடு ஒன்று கிணற்றுக்குள் விழுந்து, தீயணைப்புப் படை வந்து தூக்கிவிட்டது. அது பரவாயில்லை, மாடு தப்பியது சந்தோஷம். அதற்கு அடுத்த தலைப்பு 'யாழில் இளைஞனின் விபரீத முடிவு'. அதே சிவப்பு, அதே எழுத்து, அதே அளவு. கீழே பெயர், ஊர், படம். சில நேரம் அந்தப் பிள்ளை கடைசியாக எழுதினது வரை. கிணற்று மாட்டுக்கும் ஒரு தாயின் வாழ்நாள் துக்கத்துக்கும் ஒரே சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். தற்கொலைச் செய்தியை எப்படி எழுதக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டி வெளியிட்டு வைத்திருக்கிறது. அதில் கூடாது என்று சொன்னதெல்லாம் இங்கே தலைப்பாக இருக்கிறது.

இந்த எரிச்சலில் ஒரு நாள் இரவு தேடிக்கொண்டு போனபோதுதான் பெரிய புதினம் ஒன்று கிடைத்தது. பெரிய என்றால் உண்மையாகவே பெரிய. 1995 இல் இலங்கையின் தற்கொலை விகிதம் ஒரு லட்சம் பேருக்கு 47 அளவில் இருந்தது. உலகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அடுத்த இருபது வருடத்தில் அது ஏறக்குறைய 70 வீதம் குறைந்தது. யாரும் பெரிய பிரசங்கம் செய்யவில்லை. மிக நச்சான பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995 இல் சில, 1998 இல் ஒன்று, 2008 இலிருந்து 2011 வரைக்குள் இன்னும் மூன்று. தோட்டக்காரர் கோபிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், 2021 இல் ஒரே இரவில் வந்த உரத்தடை இல்லை இது. இவற்றுக்கு மாற்று மருந்து கடையில் இருந்தது. விளைச்சலும் விழவில்லை என்று கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த வேகமான ஒரு நிமிடத்தில் கைக்கு எட்டுகிற போத்தல் கொல்லாத போத்தலாக இருந்தால், அந்த மனிதர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். அவ்வளவுதான் விஷயம். ஆய்வாளர்களின் மதிப்பீட்டின்படி 2015 வரை இப்படித் தப்பிய உயிர்கள் ஏறக்குறைய 93,000.

'யாழில் பரபரப்பு: 93,000 பேர் சாகவில்லை' என்று ஒரு தளமாவது போட்டிருக்கலாம். போட மாட்டார்கள், தெரியும். சாகாதவருக்குப் படம் இல்லை. அவர் இப்போது எங்கேயோ பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறார், தான் ஒரு செய்தி என்று அவருக்கே தெரியாது.

போன கிழமை காலையில் அம்மா வழக்கம்போலக் கேட்டா. வாழைப்பழத்துக்குப் பிறகு எனக்கு வந்த பழக்கம், கீழே வரை வாசித்ததைத்தான் சொல்வது. அதனால் இதைச் சொன்னேன். 47, 70, 93,000 என்ற எண்களை அவ காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையைக் கதிரைக் கைப்பிடியில் வைத்துவிட்டு விரல் மடிக்கத் தொடங்கினா. எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று பேர். இரண்டு பேரைப் பற்றி எனக்கும் தெரியும். மூன்றாவது, அம்மாவோடு ஒரே வாங்கில் இருந்து படித்த பெண். அந்தப் பெயரை நான் அன்றுதான் முதல்முதலாகக் கேட்கிறேன். எண்பத்தி மூன்றாம் ஆண்டுக்கு முந்தின வருடமாம். வெங்காயத்துக்கு அடிக்க வாங்கி வைத்த மருந்தாம்.

"அந்தப் போத்திலை வித்தவங்களுக்கு அப்ப தெரியாதோ?" என்றா.