வாஸ்து பார்த்தாச்சு, தண்ணியைப் பார்த்தீங்களா?

எங்கள் கரையில் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது வாசல் எந்தத் திசை என்று. அப்புறம் பூஜையறை, மாடுலர் கிச்சன், கார் நிறுத்த இடம். வேண்டாம் என்று சொல்லவில்லை, பாருங்கள். ஆனால் தொண்டியிலிருந்து ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, சாயல்குடி வரைக்கும் ஒரு வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது உப்பு. தண்ணீரில் உப்பு, காற்றில் உப்பு, சில வீடுகளில் சுவருக்குள்ளேயே உப்பு. அதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

"போர் நல்ல ஆழம் சார்" என்று புரோக்கர் பெருமையாகச் சொல்வார். மதுரையிலிருந்து வந்தவருக்கு அதைக் கேட்டதும் பாதி மனசு நிறைந்துவிடும். இங்கே மணற்பாங்கான கரையில் கணக்கே தலைகீழ். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல் நீரின் மேல் மிதந்து நிற்கிறது. உப்பு நீரைவிட நல்ல நீர் லேசு, அவ்வளவுதான் விஷயம். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுக்கிறார்களே, அது இப்படித்தான். மேலே நல்ல தண்ணி, ஆழம் போனால் சவர். மேலே இருப்பதையும் மோட்டார் போட்டு விடாமல் உறிஞ்சினால் அடியில் கிடக்கும் உப்பு மேலேறி வந்துவிடும். பக்கத்தில் பெரிய லாட்ஜ் ஒன்று இருந்தால் உங்கள் கிணற்றுக்கும் சேர்த்து அவர்கள்தான் எஜமானர்.

அதனால் தண்ணீரைப் பற்றி விற்கிறவரிடம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம், "வைகாசியில தண்ணி எப்படிக்கா இருக்கும்?" என்று கேளுங்கள். தெருவில் தள்ளுவண்டியில் குடம் குடமாகத் தண்ணீர் விற்றுப் போகிறதா என்று பாருங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் இருக்கிறது என்பார்கள். குழாய் இருப்பது வேறு, அதில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பது வேறு. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. பல லட்சம் கொடுத்து வீடு வாங்குகிறவர் அந்த மீட்டரை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கிப் பார்க்க மாட்டேன் என்றால் என்ன சொல்வது?

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம். இந்த வீட்டை எந்தத் தண்ணீரில் கட்டினார்கள்? கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு, அதாவது உப்பில் இருந்து வருவது, லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. நல்ல தண்ணி லாரிக்குக் காசு கொடுக்க மனசில்லாமல் உப்பு போரிலேயே கலந்து, கான்கிரீட் இறுகும்வரை நனைக்கும் க்யூரிங்கையும் அதையே ஊற்றிச் செய்த வீடுகள் இங்கே உண்டு. குளோரைடு போய்ச் சேர்ந்தால் கம்பிக்குக் கான்கிரீட் தரும் பாதுகாப்பு போய்விடும். கம்பி துருப்பிடிக்கும், துரு வீங்கும், வீங்கிய துரு கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கடற்கரைச் சூழலில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது அதே விதி. இரண்டு விரல் தடிமனாவது வரும். அதில் பாதிகூட இல்லாத சன்ஷேடுகளைப் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சிமடம் பக்கம் ஒரு வீடு பார்க்க, வளைகுடா நாட்டிலிருந்து வந்த நண்பர் கூட்டிப்போனார். புதுப் பெயிண்ட், பளபளவென்று பட்டி. ஹாலில் ஸ்டூல் போட்டு ஏறி, சாவிக்கொத்தால் கூரையைத் தட்டிக்கொண்டே போனேன். கணீர், கணீர் என்று வந்த சத்தம் ஃபேன் மாட்டிய இடத்தைத் தாண்டியதும் பொத்தென்று ஆனது. நகத்தால் சுரண்டினால் பட்டி உதிர்ந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, கம்பி போகும் வழியிலேயே. வீட்டுக்காரர் "லேசான ஓதம்தான்" என்றார். ஓதம் கோடு கிழித்துக்கொண்டு வராது அண்ணே என்றேன். நண்பர் அந்த வீட்டை விட்டுவிட்டார்.

(தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் பவளப்பாறைச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. கம்பி இல்லாத சுவருக்குத் துருப்பயம் ஏது? அதற்காகப் பவளப்பாறையில் வீடு கட்டக் கிளம்பிவிடாதீர்கள், சட்டப்படி குற்றம்.)

"சீ வியூ" மனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடல் ஏறும்போது தண்ணீர் வந்து தொடும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை, கட்டுவதற்குக் கட்டுப்பாடு உள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். கிராமப் பகுதிகளில் அலையை ஒட்டிய பட்டையில் புது வீட்டுக்குப் பெரும்பாலும் அனுமதியே கிடையாது. பஞ்சாயத்து ரசீதைக் காட்டி இதுதான் அப்ரூவல் என்பார்கள். அது போதாது.

பத்திரம் பற்றி வக்கீல்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள், நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். வில்லங்கச் சான்றில் பதிவான விவரம்தான் வரும். கையெழுத்துப் போடாத தங்கச்சி அதில் வரமாட்டாள். நம்ம பக்கம் பாதிக் குடும்பம் துபாயிலும் மலேசியாவிலும் இருக்கிறது. அப்பா பெயரில் இருந்த வீட்டை அண்ணன் மட்டும் வந்து விற்றால், வாரிசுச் சான்றை வாங்கி அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் கையெழுத்தோ பவரோ இருக்கிறதா என்று பாருங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு, எந்த மதமானாலும்.

கடைசியாக, வீட்டை வெயிலில் ஒருமுறை பார்த்தால் மழையிலும் ஒருமுறை பாருங்கள். இங்கே மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். பழைய கண்மாய் வரத்துக்காலை மூடிப் போட்ட மனையா, செப்டிக் டேங்க் நிரம்பி எதிர்த்து வருகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஐப்பசியில் வருகிறேன் என்றால் புரோக்கர், "அதுக்குள்ள வேற பார்ட்டி முடிச்சிருவாங்க சார்" என்பார். முடிக்கட்டும்.