பின்சீட்டில் வந்த பெட்ரோல் வாடை

போன ஐப்பசி மழையில்தான் முதலில் தெரிந்தது. சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். மழைக்காக நான்கு கண்ணாடியையும் ஏற்றிவிட்டிருந்தோம். பின்சீட்டில் இருந்த அம்மா, "என்னப்பா, பெட்ரோல் வாடை தலையைச் சுத்துதே" என்றார். இப்போதுதானே ஃபுல் டேங்க் போட்டோம், கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்று சொல்லிவிட்டு ஓட்டினேன். என் மகளும் அதே சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஒன்றே கால் மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் வாடை போய்விட்டது. அடுத்த முறை டேங்கை நிரப்பியதும் திரும்ப வந்தது. அப்புறம்தான் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய் விட்டேன். நான் சொன்னதைக் கேட்டதுமே, "டேங்க் நிறைஞ்சா மட்டும் வருதுன்னா ஓட்டை மேல இருக்கு தம்பி" என்றார். பின்சீட்டைத் தூக்கி, மிதியடியை விலக்கி, அடியில் இருக்கும் மூடியைக் கழற்றினார். பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் இறங்கும் இடம் அது. பம்பைத் தாங்கும் பிளாஸ்டிக் பிளேட்டில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். அதைச் சுற்றி மண் ஈரமாக ஊறிப்போயிருந்தது. நான்கு விரல் தள்ளி பம்புக்குக் கரண்ட் போகும் ஒயர் கனெக்டர். அதற்கு மேலே மெல்லிய தகரம், அதற்கும் மேலே என் அம்மாவும் மகளும் உட்கார்ந்த மெத்தை.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிக் கலைந்துபோகாது, தாழ்வான இடம் பார்த்துத் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகிற பொருள் அது. கடலூர் வெயிலில் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணம் அண்ணன் அடுத்துச் சொன்னது. "இந்த மாடல்ல இந்த வருஷம் இது நாலாவது வண்டி. நாலும் இதே இடம்."

என் கார் 2012 மாடல். 2018-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மறுநாளே கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தார்கள். உங்கள் வண்டிக்கு ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது, எதுவும் இல்லை என்றார்கள். ஒரே இடத்தில் நான்கு வண்டி விரிசல் விட்டிருக்கிறதே, மேலிடத்துக்கு எழுதுவீர்களா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "சார், 7 வருஷம் தாண்டின வண்டிக்கு அதெல்லாம் வராது சார்." பிளேட் தனியாகக் கிடைக்காது, பம்ப் செட்டோடுதான் வாங்க வேண்டும் என்றார்கள். கூலியோடு 9,400 ரூபாய் ஆனது. பணத்தைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அந்த "7 வருஷம்" மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து விதிகளைத் தேடிப் படித்தேன்.

அவன் சொன்னது சரிதான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும்படி கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்த பிரிவு அது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. ஒரு மாடலின் ஆண்டு விற்பனையைப் பொறுத்து நூறு புகாரிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் புகார் வரை சேர்ந்தால் விசாரிப்பார்கள். கம்பெனி தானாக முன்வராமல் அரசு கட்டாயப்படுத்த நேர்ந்தால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். நல்ல ஏற்பாடு, நான் மனதார வரவேற்கிறேன். அதற்கு முன் 2012 முதல் கார் தயாரிப்பாளர்கள் தாங்களாக வைத்துக்கொண்ட ஒரு நடைமுறைதான் இருந்தது, சட்டத்தின் கட்டாயம் கிடையாது. ஆனால் தயாரித்து 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் இந்த 2021 விதி பொருந்தும்.

இந்த 7 ஆண்டுக் கணக்கு பிரேக்குக்கோ ஸ்டியரிங்குக்கோ எப்படியோ, பெட்ரோல் கசிவுக்குக் கொஞ்சமும் பொருந்தாது. கசிவு என்பதே பெரும்பாலும் வண்டிக்கு வயதான பிறகு வருகிற நோய். ரப்பர் ஓஸ் வெயிலிலும் சூட்டிலும் வெடிக்க வருடங்கள் ஆகும். கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் இறுகிச் சப்பையாக வருடங்கள் ஆகும். பிளாஸ்டிக் பிளேட் தினம் சூடாகி, குளிர்ந்து, பெட்ரோலிலேயே ஊறிக் கிடந்து, பொறுக்க முடியாமல் ஒருநாள் விரிசல் விடும். தகர டேங்காக இருந்தால் அடியில் சேற்றை வாங்கி வெளியிலிருந்தும், உள்ளே தங்கும் ஈரத்தால் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். எங்களைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று வேறு. வடிவமைப்பிலேயே பலவீனமான ஒரு பாகம் தன் குறையைக் காட்டுவதே பத்தாவது, பன்னிரண்டாவது வருடத்தில்தான். அது வெளியே தெரிகிற நேரத்தில் சட்டம் கதவைச் சாத்திவிடுகிறது.

அதே அரசு என் காருக்கு 15 வருடப் பதிவு கொடுத்திருக்கிறது. அதற்குப் பிறகும் தகுதிச் சான்று வாங்கி ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் அந்த மறுபதிவுக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். ரோட்டில் ஓடத் தகுதியானது என்று 15 வருடத்துக்கு எழுதிக் கொடுத்த வண்டிக்குப் பாதுகாப்புப் பொறுப்பு மட்டும் ஏன் பாதி வழியில் இறங்கிக்கொள்ள வேண்டும்?

எரிபொருள் கசிவுக்கு ரீகால் இங்கே நடக்காததல்ல. 2010 பிப்ரவரியில், சட்டம் எதுவும் இல்லாத காலத்திலேயே, மாருதி ஏற்றுமதியானவையும் சேர்த்து ஏறத்தாழ 1 லட்சம் ஏ-ஸ்டார் கார்களை அழைத்து எரிபொருள் பம்பைக் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றிக் கொடுத்தது. 2014 ஏப்ரலில் எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர் மூன்றிலும் சேர்த்து 1,03,311 வண்டிகளுக்குப் பெட்ரோல் ஊற்றும் கழுத்துப் பகுதியை மாற்றித்தந்தது. பங்கில் ஆட்டோ கட் ஆன பிறகும் மேலே ஊற்றினால் வாடை வரலாம், அரிதாகக் கசியலாம் என்பது அங்கே பிரச்சினை. இரண்டுமே செய்ய வேண்டிய நேரத்தில் செய்த வேலை. கவனித்துப் பார்த்தால் இரண்டும் புதிய வண்டிகள். தயாரித்துச் சில மாதங்களிலோ ஒன்றிரண்டு வருடத்திலோ குறை தெரிந்துவிட்டது. முதுமையில் வருகிற விரிசலுக்கு இப்படி ஒரு ஏற்பாடு நம்மிடம் இல்லை.

அமெரிக்காவில் ரீகால் வேலையை இலவசமாகச் செய்துதர வேண்டிய கால வரம்பு முன்பு 8 ஆண்டாக இருந்தது. 2000-க்குப் பிறகு 10 ஆனது. 2015-ல் அதை 15 ஆண்டாக்கினார்கள். பழைய வண்டிகள் ரோட்டில் அதிக காலம் ஓடுகின்றன, அதற்கேற்ப சட்டம் நீள வேண்டும் என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 2011-ல் ஃபோர்டு அங்கே 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்கப் லாரிகளை அழைத்தது. பெரும்பாலும் எஃப்-150, 1997 மாடலிலிருந்து தொடங்குகிறது அந்தப் பட்டியல். பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுகிற மாநிலங்களில் பெட்ரோல் டேங்கைத் தாங்கும் இரும்புப் பட்டைகள் துருப்பிடித்து அறுந்தன. டேங்க் கீழே இறங்கித் தரையில் உரசும், கசியும், தீப்பிடிக்கும் என்ற ஆபத்து. 14 வயதான வண்டிக்கு, துருவினால் வந்த குறைக்கு, கம்பெனி தன் செலவில் பட்டையை மாற்றியிருக்கிறது. வண்டி பழையது, துரு இயற்கை, ஓனர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அங்கேயும் கைகழுவியிருக்கலாமே? கழுவவில்லை.

தேய்மானம் எல்லாவற்றையும் கம்பெனி தலையில் கட்ட முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. முடியாது, கட்டவும் கூடாது. பன்னிரண்டு வருட ரப்பர் ஓஸை மாற்றுவது என் கடமை. அதைச் செய்யாமல் விட்டது என் தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் புத்தகத்தில் எங்குமே சொல்லாத ஒரு பாகம், சீட்டுக்கு அடியில் யார் கண்ணுக்கும் படாத இடத்தில், வண்டிக்கு வண்டி ஒரே புள்ளியில் உடைகிறது என்றால் அது என்னவென்று யாராவது விசாரிக்க வேண்டும். விசாரித்துவிட்டுத் தேய்மானம்தான் என்று சொல்லட்டும், ஏற்றுக்கொள்கிறேன். இப்போது அந்த நான்கு வண்டிகளும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. எங்கள் ஊரில் நான்கு என்றால் மதுரையில் எத்தனை, கோவையில் எத்தனை என்று எண்ணுவதற்கு ஆளே இல்லை.

இதில் எத்தனால் சங்கதியும் சேர்ந்துகொண்டது. 2025-ல் நாடு முழுக்கப் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்புக்கு வந்துவிட்டோம். பழைய வண்டிகள் சிலவற்றில் நீண்ட காலம் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே அந்த ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. செலவு அதிகம் ஆகாது, வழக்கமான சர்வீஸில் முடிந்துவிடும் என்றும் சொன்னது. சரி, ஆகட்டும். எந்த மாடலில் எந்தப் பாகம் என்று வண்டி வைத்திருப்பவனுக்கு யார் சொல்வது? எரிபொருளை நான் தேர்ந்தெடுக்கவில்லை, பங்கில் ஊற்றுவதைத்தான் போட்டுக்கொள்கிறேன். இந்த ஒரு காரணத்துக்காகவாவது எரிபொருள் பாகங்களுக்கு 7 ஆண்டு வரம்பை எடுத்துவிட்டு, பதிவு செல்லுபடியாகும் காலம் முழுக்க என்று மாற்ற வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வண்டிக்காரர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்பார்கள். சிக்னலைத் தாண்டினால் என் செல்போனுக்கு அபராதக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறதே! வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், இப்போதைய ஓனரின் போன் நம்பர் எல்லாம் அரசின் வண்டிப் பதிவுத் தளமான 'வாகன்' தளத்தில் இருக்கின்றன. அதே வழியில் "உங்கள் வண்டியின் பம்ப் பிளேட்டைச் சரிபாருங்கள்" என்று ஒரு வரி அனுப்பலாம். நம் ஊரில் பழைய கார் வாங்குவது பெரும்பாலும் முதல் முறை கார் வாங்குகிற குடும்பங்கள். பைக்கில் நான்கு பேர் போன காலம் போய், மழையில் நனையாமல் பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கடன் வாங்கிக் கார் எடுத்தவர்கள். அவர்களிடம் போய்ச் சேராத எச்சரிக்கையால் யாருக்கு என்ன பயன்?

பத்து வருடம் தாண்டிய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாடை வந்தால் அன்றைக்கே பாருங்கள். ஃபுல் டேங்கில் மட்டும் வந்தால் பம்ப் பிளேட், ஓ-ரிங், ஊற்றும் குழாயின் ஓஸ் என்று மேலே தேடச் சொல்லுங்கள். பாதி டேங்கிலும் வந்தால் டேங்கின் அடியையும் ஓஸ்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பங்கில் ஆட்டோ கட் ஆன பிறகு "ரவுண்டாப் போட்டுடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சோப்பைத் தேய்த்தோ எம்-சீல் வைத்தோ அடைத்துக்கொண்டு வீடு வந்து சேரலாம், அதோடு மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். டேங்கைக் கழற்றி வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காலி டேங்கில் நிற்கிற ஆவி, நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. பட்டறைகளில் உயிரே போயிருக்கிறது.

என் வண்டியில் கழற்றிய பிளேட்டை மெக்கானிக் அண்ணன் குப்பையில் போடவில்லை. முன்பு வந்த மூன்றில் ஒன்றும் ஷெட்டில் கிடந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் போட்டோ எடுத்தேன். ஒரே மூலையில், ஒரே சாய்வில் விரிசல். மற்ற மூன்று ஓனர்களிடமும் பேசி, அவர்கள் சம்மதத்தோடு நான்கு சேஸிஸ் நம்பரையும் சேர்த்துச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டைகள் வந்துவிட்டன, பதில் இன்னும் வரவில்லை. உங்கள் வண்டியிலும் பின்சீட்டுக்கு அடியில் இப்படி விரிசல் விட்டிருந்தால் மாடல், தயாரித்த வருடம், எந்த ஊர் என்று எனக்கு எழுதுங்கள். உடைந்த பிளேட் கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த கடிதத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.