கெட்டுவள்ளம் என்றால் கெட்டுப்போன வள்ளமா?

போன மாதம் குடும்பத்தோடு ஆலப்புழை போயிருந்தோம். படகுத்துறையில் தமிழில் எழுதி வைத்திருந்த பலகையைப் படித்த ஒரு பையன், "கெட்டுவள்ளம்னா கெட்டுப்போன வள்ளமாப்பா?" என்று கேட்டான். "போட் ஹவுஸ்னு அர்த்தம்டா" என்று அவன் அப்பா முடித்துவிட்டார்.

ஊர் வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. எனக்குக் குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் பக்கம். எங்கள் பேச்சில் 'கட்டு' என்பது 'கெட்டு'தான். மாட்டைத் தென்னையில் கெட்டுவோம், வீடு கெட்டுவோம், தாலியும் கெட்டுவோம். மலையாளத்திலும் அப்படியே. கெட்டுவள்ளம் என்றால் கட்டிய வள்ளம், அவ்வளவுதான்.

கட்டியது கயிற்றால். ஆணியே கிடையாது. நாங்கள் அயினி என்றும் அவர்கள் ஆஞ்ஞிலி என்றும் சொல்கிற மரத்தின் பலகைகளில் ஓரமாக வரிசையாகத் துளை போடுவார்கள். இரண்டு பலகை சேரும் இடத்தில் தென்னை நாரை வைத்து அமுக்கி, துளை வழியாகக் கயிற்றைக் கோத்து இழுத்து இறுக்குவார்கள். அப்புறம் கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுத்த கருப்பு எண்ணெய்ப் பூச்சு. குட்டநாட்டு நெல் கொச்சிக்குப் போனது இந்த வள்ளங்களில்தான். கிழக்குக் கரையில், சென்னைக்குத் துறைமுகம் வருமுன் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்த மசூலாப் படகும் கயிற்றால் தைத்ததே. அலை மோதும்போது ஆணி அடித்த பலகை விண்டுவிடும், கயிறு கொஞ்சம் வளைந்துகொடுக்கும்.

1980-ல் ஓமானிலிருந்து சீனாவுக்குக் கிளம்பிய 'சோஹார்' கப்பலைப் பழைய அரபு முறையில் ஆணியில்லாமல் தைத்தார்கள். அதற்கு மரம் போனது மலபார்க் கரையிலிருந்து! அதைக் கட்டவைத்து ஓட்டிப்போன பயண எழுத்தாளர் டிம் செவரினும் கூட்டாளிகளும் அடுத்த வருஷம் சீனா போய்ச் சேர்ந்தார்கள்.

கட்டுமரத்திலும் இதே 'கட்டு'தான். 1697-ல் வெளிவந்த ஆங்கிலேயக் கடலோடி டாம்பியரின் பயண நூலிலேயே அந்தப் பெயர் ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. இன்றைக்கு கேட்டமரான் என்றால் இரட்டை உடல் படகு, கட்டு எங்கேயும் இல்லை. எனக்கென்னவோ, கப்பல் கட்டுவது, வீடு கட்டுவது என்று நாம் இன்றும் சொல்வதில் அந்தக் கயிறு இருப்பதாகவே படுகிறது. ஓலை வேய்ந்த கூரையும் கட்டியதுதானே.

தமிழ்ப் பயணிகளுக்காகப் பலகை எழுதுகிறவர்கள் 'கட்டுவள்ளம்' என்றே எழுதலாம். பக்கத்தில் 'கயிற்றால் கட்டியது' என்று இரண்டு சொல் போட்டால் போதும், அந்தப் பையனுக்குப் புரிந்திருக்கும்.

எங்கள் வீட்டுத் திண்ணையோரம் பழைய வள்ளத்துப் பலகை ஒன்று பெஞ்சாகக் கிடக்கிறது. ஓரத்தில் சுண்டுவிரல் நுழைகிற அளவு பதினோரு துளை. ஒன்றில் மட்டும் கயிறு இன்னும் அறுந்து நிற்கிறது. அம்மா தூசி தட்டும்போதுகூட அதைப் பிடுங்க விட்டதில்லை.