பகுதி சபையா, மிக்சர் சபையா?
பகுதி சபைக் கூட்டம் எப்போது என்று கேட்டால், "நேத்தே முடிஞ்சிருச்சே சார்" என்கிறார்கள். அறிவிப்பு? வார்டு ஆபீஸ் கதவுக்குப் பின்னால், டெங்கு நோட்டீஸுக்கு அடியில் ஒட்டியிருந்ததாம்! 2022 நவம்பர் 1-ல் தடபுடலாகத் தொடங்கினார்கள். கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாலே பேசலாம் என்று நானும் நம்பினேன்.

போன தடவை போனேன். பதினோரு மணிக் கூட்டத்துக்குக் கவுன்சிலர் வந்தது பன்னிரண்டரைக்கு. மிக்சர் வந்தது, டீ வந்தது, பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். மழைநீர் வடிகால் என்று வாயைத் திறந்தேன். "எழுதிக் குடுங்க சார்." எழுதிக் கொடுத்ததே மூன்று தடவை! (ஒருமுறை பேனாவும் என்னுடையதுதான், திரும்பி வரவில்லை.) போன கூட்டத் தீர்மானம் என்ன ஆச்சு என்று ஒரு வரி படித்துக் காட்டினால் குறைந்தா போய்விடுவார்கள்?