செவுளைத் தூக்கிப் பார்த்துட்டுச் சொல்லு

பாம்பனில் சின்னதாக ஒரு நெட் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பட்டா, அப்புறம் மனு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையில் மனுக் கூட்டம்தான். எல்லாம் அடித்து முடித்துக் கடைசி வரிக்கு வரும்போது சிலர் குரலைத் தாழ்த்துவார்கள். "பேரு வேணாம் தம்பி. இப்படிக்கு ஊர்ப் பொதுமக்கள்னு போட்டுரு."

அதனால் மொட்டைக் கடுதாசியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. இணையத்தில் காரணம் சொல்லாமல் விழுகிற மைனஸ் ஓட்டும் ஒரு மொட்டைக் கடுதாசிதான்.

போன மாதம், செய்திகளைப் பகிர்ந்து பிளஸ், மைனஸ் என்று ஓட்டுப் போடும் ஒரு ஆங்கிலத் தளத்தில், சின்னப்பாலத்துப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எழுதினேன். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து மூழ்குகிறவர்கள். அவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்து பாசியிலிருந்துதான் கூழ்போல் இறுகவைக்கும் அகர் வருகிறது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து இவர்களுக்கும் வனத்துறைக்கும் இழுபறி. மாதத்தில் 12 நாள்தான் இறங்குவோம் என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்த ஊர் லட்சுமிக்கு 2015இல், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. இதையெல்லாம் இரண்டு ராத்திரி உட்கார்ந்து, டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன்.

கால் மணி நேரத்தில் மைனஸ் நாலு. அதற்கப்புறம் பதிவு பட்டியலிலேயே இல்லை. ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

என் ஆங்கிலம் சரியில்லையா? தகவல் தப்பா? பாசி எடுப்பதால் பவளப்பாறை உடைகிறது என்று நினைக்கிறவரா? அப்படியென்றால் அதைக் கேட்டிருக்கலாமே, என்னிடம் பதில் இருக்கிறது. இல்லை, படுத்துக்கொண்டே போனைத் தள்ளும்போது விரல் பட்டுவிட்டதா? இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

எங்கள் கரையில் மீன் ஏலம் பார்த்திருக்கிறீர்களா? கூடையைக் கொட்டியதும் ஒரு வியாபாரி "பழைய மீனு, ஐஸ்ல கெடந்தது" என்று உதட்டைப் பிதுக்குவார். விலையை இறக்குகிற தந்திரம்தான். மீன்காரக்கா சும்மா விடமாட்டார். "செவுளைத் தூக்கிப் பார்த்துட்டுச் சொல்லுண்ணே" என்று ஒரு விளமீனை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டுவார். செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தால் அண்ணன் வாயை மூடிக்கொண்டு விலையை ஏற்ற வேண்டும். வெளுத்துப் பழுப்பாக இருந்தால் அக்காவே குரலைக் குறைத்துக்கொள்வார். வியாபாரி வேண்டாம் என்று நகர்ந்துவிட்டாலும் கூடை அங்கேயேதான் இருக்கும். அடுத்தவர் வந்து கேட்கலாம். முதலில் வந்த நாலு பேர் உதட்டைப் பிதுக்கினார்கள் என்று கூடையையே தூக்கிக் கடலில் கொட்டுகிற வழக்கம் எந்தக் கரையிலும் கிடையாது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "ரகசிய ஓட்டுதானப்பா ஜனநாயகம்" என்றார். நல்ல கேள்வி. ஆனால் தேர்தலில் எல்லோரும் போட்டு முடித்த பிறகுதான் எண்ணுகிறார்கள். காலை எட்டு மணிக்கு விழுந்த ஓட்டைப் பார்த்துவிட்டு ஒரு வேட்பாளர் பெயரைப் பட்டியலின் அடியில் தள்ளுவதில்லை. இந்தத் தளங்களில் விழ விழ எண்ணிக்கை. இதே மாதிரித் தளமான ரெடிட் முன்பு வெளியிட்டிருந்த நிரலைப் பார்த்தால், பதிவுகளை வரிசைப்படுத்துவதில் முதல் 10 ஓட்டுக்கு என்ன கனமோ அதே கனம்தான் அடுத்த 90 ஓட்டுக்கும். ஆகவே முதலில் வருகிற நாலைந்து பேர் வாக்காளர்கள் இல்லை, வாசலில் நிற்கிற காவல்காரர்கள். டிக் என்ற இன்னொரு செய்தி ஓட்டுத் தளத்தில் ஒரு கூட்டம் தனிக்குழு வைத்துக்கொண்டு தங்களுக்குப் பிடிக்காத செய்திகளைப் புதைக்கிறது என்று 2010இல் பெரிய சர்ச்சையே ஆனது. அவ்வளவு தூரம் போவானேன்? தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் காலத்து ஆட்களுக்கு மைனஸ் ஓட்டு என்றாலே இன்னும் வயிறு எரியும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2013இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஒரு செய்தித் தளத்தில் கருத்துகளுக்கு வேண்டுமென்றே ஒரு பொய்யான பிளஸ் போட்டால் கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் ஏறியது. பொய்யான மைனஸ் போட்டாலோ பின்னால் வந்தவர்கள் அதைச் சரிக்கட்டிவிட்டார்கள். ஜனங்களுக்கு நியாயம் தெரிகிறது என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சரிக்கட்ட வருகிறவர் கண்ணில் அது பட வேண்டுமே. பட்டியலை விட்டே இறங்கிப்போனதை யார் தேடிப் பிடித்துச் சரிக்கட்டுவது?

அதற்காக "மைனஸ் போடுகிறவன் பேரை வெளியிடு" என்று கேட்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். சின்ன ஊரில் இருந்து பார்த்தால்தான் அது புரியும். ஊர்க்கூட்டத்தில் ஒரு சம்மாட்டிக்கு, அதாவது படகு முதலாளிக்கு, எதிராகக் கையைத் தூக்கினால், அவரிடம் முன்பணம் வாங்கியவனுக்கு மறுநாள் படகில் இடம் இருக்காது. பேர் தெரிந்தால் பேசமாட்டார்கள், அவ்வளவுதான். பேரில்லாத புகார்கள் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று மத்திய விஜிலென்ஸ் கமிஷன் 1999இல் உத்தரவே போட்டது. காரணம் புரிகிறது, ஆனாலும் என் கடைக்கு வந்து குரலைத் தாழ்த்துகிற முகங்களைப் பார்த்தால் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

பேர் வேண்டாம். காரணத்தைச் சொல்லு, இல்லையா, கையிலிருந்து ஏதாவது கொடு. முடியாத காரியமா இது? நிரல் எழுதுகிறவர்கள் கேள்வி பதில் போடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு பதிலுக்கு மைனஸ் போட்டால் போட்டவருக்கும் ஒரு புள்ளி குறையும். அதைவிடப் பழைய செய்தித் தளமான ஸ்லாஷ்டாட்டில், கருத்துகளைத் தரம் பிரிக்கிற மட்டுறுத்துநர் கையில் எண்ணி வைத்த சில புள்ளிகள்தான். தலைப்புக்குச் சம்பந்தமில்லை, வம்பு என்று ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் அதைச் செலவழிக்க முடியும். அந்தத் தீர்ப்பு நியாயமா என்று பார்க்க இன்னொரு கூட்டம் வேறு இருந்தது. இதில் எங்கேயும் யாரும் சொந்தப் பேரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நானும் யோக்கியன் இல்லை. ஒருநாள் ராத்திரி, கச்சத்தீவு ஒப்பந்தம் 1974 என்று ஒருவர் எழுதியிருந்தார். என் மண்டையில் 1976 என்று பதிந்திருந்தது. படிக்காமலே ஒரு மைனஸ். காலையில் தேடினால் தீவு போனது 1974இல்தான். 1976 ஒப்பந்தம் மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா எல்லைக்கு. எடுத்துவிடலாம் என்று போனேன், அவர் பதிவையே அழித்திருந்தார். என்னை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ராத்திரியே தேடியிருப்பேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒருத்தர் வந்தார். ராத்திரியில் கழிவுத் தண்ணீரைக் கடலில் விடுகிறார்கள் என்று புகார். பேர் வேணாம் என்றார். சரி என்றேன். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, குழாய் எந்தப் பக்கம், தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டேன். முதலில் எரிச்சல்பட்டார், அப்புறம் ஒன்று விடாமல் சொன்னார். போனில் எடுத்த போட்டோ மூன்றும் இருந்தது. இரண்டு பக்கம் வந்தது. இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்.